புது மீன் தொட்டி: எப்படித் தயார் செய்வது, எந்த மீனை முதலில் விடுவது?

"ரெண்டு நாள் ஃபில்டரை ஓடவிடுங்க, அப்புறம் மீனை விட்டுடலாம்." புதுத் தொட்டி வாங்குகிறவர்களுக்குப் பல கடைகளில் கிடைக்கும் அறிவுரை இது. அந்த இரண்டு நாளில் தண்ணீரில் உள்ள குளோரின் போகும், அவ்வளவுதான். மீன் செவுள் வழியாக வெளிவிடும் அம்மோனியாவை ஒரு வகை பாக்டீரியா நைட்ரைட்டாக மாற்ற வேண்டும்; அதை இன்னொரு வகை நைட்ரேட்டாக மாற்ற வேண்டும். அம்மோனியாவும் நைட்ரைட்டும் கொஞ்சம் இருந்தாலே மீனுக்கு விஷம். நைட்ரேட்டை மட்டும் வாராவாரம் தண்ணீர் மாற்றிச் சமாளித்துவிடலாம். இந்த பாக்டீரியாக்கள் ஃபில்டர் ஸ்பாஞ்சிலும் கற்களிலும் ஒட்டிப் பெருகுவதற்குப் பொதுவாக 4 முதல் 6 வாரம் ஆகும். இதைத்தான் சைக்கிளிங் என்கிறோம்.

இதற்குப் பல வழிகள் உண்டு. எது சரிவரும் என்பதை முதலில் தீர்மானிப்பது உங்கள் குழாயில் வரும் தண்ணீர்தான். எந்த மீன் என்பதும் அப்படியே.

பழைய வழி, நாலைந்து மலிவான மீன்களை விட்டு அவற்றின் கழிவைக் கொண்டே பாக்டீரியாவை வளர்ப்பது. அதை நான் பரிந்துரைக்க மாட்டேன், குறிப்பாக போர் தண்ணீர் வீடுகளுக்கு. தண்ணீரில் அம்மோனியா இரண்டு வடிவில் இருக்கும், அதில் ஒன்றுதான் கடும் விஷம். அதன் பங்கைப் பெரிதும் தீர்மானிப்பது பி.எச்., அதாவது தண்ணீரின் அமில-காரத் தன்மையின் அளவு. 28 டிகிரி வெப்பத்தில், பி.எச். 7 உள்ள தண்ணீரில், மொத்த அம்மோனியாவில் 1 சதவீதம்கூட விஷ வடிவில் இருக்காது. பி.எச். 8 ஆனால் அது 6 சதவீதத்தைத் தாண்டிவிடும். சென்னை போர் தண்ணீர் பெரும்பாலும் கடினமானது, அதாவது தாதுக்கள் நிறைந்தது. ஏர் பம்ப் ஓட ஓட அதன் பி.எச். 8-ஐ ஒட்டி வந்து நிற்பது சகஜம். அதாவது அம்மோனியாவை அளக்கும் டெஸ்ட் கிட் ஒரே அளவைக் காட்டினாலும் இங்கே மீனுக்கு ஏறக்குறைய பத்து மடங்கு ஆபத்து. ஏற்கெனவே மீன் வாங்கிவிட்டீர்களா? சரி, தினமும் கால் பங்கிலிருந்து பாதி வரை தண்ணீர் மாற்றுங்கள், தீனியைப் பாதியாகக் குறையுங்கள். நைட்ரைட் ஏறும் வாரங்களில் கொஞ்சம் கல்லுப்பு கரைத்து ஊற்றுவது உதவும். உப்பில் உள்ள குளோரைடு, நைட்ரைட் செவுள் வழியே ரத்தத்தில் ஏறுவதைத் தடுக்கிறது.

மீன் இல்லாமல் தயார் செய்வதற்கு அம்மோனியாவை நாமே கொடுக்க வேண்டும். அதற்கு நவச்சாரம் போதும். அது அம்மோனியம் குளோரைடுதான். நாட்டு மருந்துக் கடையில் கிடைக்கும், ஆனால் தூய்மை எப்படியிருக்கும் என்று சொல்ல முடியாது. கெமிக்கல் கடையில் ஆய்வகத் தரத்தில் வாங்குவதே மேல். 2 அடி நீளம், 1 அடி அகலம், 1 அடி உயரத் தொட்டியில் கல்லெல்லாம் போக சுமார் 50 லிட்டர் பிடிக்கும். அதற்கு ஒரு கிராமில் மூன்றில் ஒரு பங்கு கரைத்தால் லிட்டருக்கு 2 மில்லிகிராம் அம்மோனியா வரும். இது இறங்க இறங்க மறுபடி அதே அளவு போடுங்கள். ஒருநாள் போட்டது 24 மணி நேரத்துக்குள் அம்மோனியாவும் நைட்ரைட்டும் பூஜ்யமாகி நின்றால் தொட்டி தயார். பெருமளவு தண்ணீரை மாற்றிவிட்டு மீன் வாங்கக் கிளம்பலாம். வாங்கத் தாமதமானால் நவச்சாரம் போடுவதை நிறுத்தாதீர்கள், பாக்டீரியா பட்டினியாகிவிடும்.

துண்டு இறாலையோ மீன் தீனியையோ அழுகவிட்டும் அம்மோனியா வரவழைக்கலாம். வேலை நடக்கும், நாற்றமும் அடிக்கும், அளவும் நம் கையில் இருக்காது.

இவை எல்லாவற்றையும்விட எனக்குப் பிடித்தது, நன்றாக ஓடிக்கொண்டிருக்கும் தொட்டியிலிருந்து ஒரு பழைய ஸ்பாஞ்ச் ஃபில்டரைக் கேட்டு வாங்குவது. ஈரம் காயாமல் கொண்டுவந்து, உடனே உங்கள் தொட்டியில் ஓடவிடுங்கள். பல வாரக் காத்திருப்பு சில நாட்களாகச் சுருங்கும். அந்த வீட்டு மீன்கள் நோயில்லாமல் இருக்கின்றனவா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். கடைகளில் பாட்டிலில் விற்கும் பாக்டீரியா வெயிலில் எவ்வளவு நாள் கிடந்தது என்று யாருக்கும் தெரியாது. துணைக்கு வைத்துக்கொள்ளலாம், நம்பி இருக்க வேண்டாம். கடையில் கொடுக்கும் நீல மருந்து வேண்டவே வேண்டாம். மெத்திலின் புளூ நாம் வளர்க்கப் பாடுபடும் பாக்டீரியாவையே கொன்றுவிடும். ஆர்.ஓ. அல்லது கேன் தண்ணீரை மட்டும் நிரப்புவதும் தவறு. அதில் தாதுக்கள் இல்லாததால் பி.எச். சரிந்து, சைக்கிளிங் பாதியில் நின்றுபோகும்.

இனி மீன். கடினமான தண்ணீருக்கு மாலி, கப்பி. மாலி கடினத் தண்ணீரிலும் உப்புச் சுவையிலும் செழிப்பது; மென்மையான தண்ணீரில் போட்டால்தான் உடம்பை ஆட்டிக்கொண்டு சோர்ந்து நிற்கும். கப்பியில் கவனம் தேவை. கொசுப்புழுவுக்காகக் கிணற்றிலும் தொட்டியிலும் விடும் சாதாரணக் கப்பிக்கு எதையும் தாங்கும் உடம்பு. கொளத்தூர் மீன் கடைகளில் விசிறிபோல வால் விரித்து மயக்கும் வகைகள் தலைமுறைகளாக நெருங்கிய உறவுக்குள் இனப்பெருக்கம் செய்யப்பட்டவை, அந்த உறுதி அவற்றில் குறைவு. முதல் தொட்டிக்கு நிறம் கலந்த சாதாரணக் கப்பியே என் தேர்வு. ஆண்களாக மட்டும் வாங்கினால் மூன்றே மாதத்தில் குஞ்சுகளுக்கு வீடு தேடி அலைய வேண்டியதில்லை.

கோவைக்கு வரும் சிறுவாணித் தண்ணீர்போல மென்மையானது கிடைத்தால் ஜீப்ரா மீன் அருமை. கங்கைச் சமவெளியின் ஓடைகளும் வயல்களும் அதன் சொந்த இடம். வெயில், குளிர் இரண்டையும் தாங்கும். ஆறுக்குக் குறையாமல் வாங்குங்கள், மேலே மூடி போடுங்கள், துள்ளி வெளியே விழும். ஃபைட்டர் மீன் தனி ஆள். மேலே வந்து காற்றைச் சுவாசிக்கும் என்பதால் பாட்டிலில் வைத்தாலும் பிழைக்கும் என்கிறார்கள். அம்மோனியா அதன் செவுளையும் அரிக்கும். அதற்கும் தயாரான தொட்டி வேண்டும்.

எல்லோரும் முதலில் கேட்பது கோல்ட் ஃபிஷ். நிறையத் தின்று நிறையக் கழிவு போடும் மீன் அது. 50 லிட்டர் போதாது. கண்ணாடியைச் சுத்தம் செய்யும் என்று கொடுக்கப்படும் சக்கர் மீன் ஒரு அடிக்கு மேல் வளரும். பிறகு அதை ஏரியில் கொண்டுபோய் விடுகிறார்கள். அங்கே அது நம் நாட்டு மீன்களின் இடத்தைப் பிடித்துக்கொள்கிறது. கண்ணாடிப் பாசிக்கு ஒரு பழைய பிளாஸ்டிக் அட்டை போதும். எந்த மீனானாலும் முதல் வாரம் நாலைந்துக்கு மேல் வேண்டாம். அம்மோனியா பூஜ்யத்திலேயே நிற்பதைப் பார்த்த பிறகு அடுத்த நாலைந்தை விடுங்கள்.