வாழ்த்துரை: எழுதி வாசிப்பதா, குறிப்போடு பேசுவதா?

திருமண வரவேற்பில் மணமக்களை வாழ்த்திப் பேச இரண்டு வழி உண்டு. முழுவதும் எழுதிவைத்து வாசிக்கலாம்; நாலைந்து சொல் குறித்த சிறு அட்டையோடு மனதிலிருந்து பேசலாம்.

எழுதி வாசிப்பதில் பெரிய நிம்மதி, நேரம் கைக்குள் இருப்பது. முன்கூட்டியே உரக்க வாசித்துப் பார்த்தால் 3 நிமிடத்தைத் தாண்டுகிறதா என்று தெரிந்துவிடும். பெயர் தவறாது, சொல்லக்கூடாத பழைய கதை வாய்தவறி வராது. ஆனால் கண் தாளிலேயே நிற்கும். மணமக்கள் உங்கள் முகத்தைப் பார்த்திருக்க, நீங்கள் தாளைப் பார்த்திருப்பீர்கள். எனக்கு அதுதான் பெரிய இழப்பாகப் படுகிறது.

குறிப்போடு பேசினால் குரலில் உயிர் இருக்கும். நடுவில் தொண்டை அடைத்தாலும் கூட்டம் காத்திருக்கும். ஆபத்து நீளத்தில்தான். ஒரு நினைவு இன்னொன்றை இழுக்க, 3 நிமிடம் 10 ஆகிவிடும். கையில் கோப்பையோடு நிற்பவர்கள் தவிப்பார்கள்.

என் தேர்வு குறிப்பு அட்டை. ஆனாலும் முதல் வரியையும் கடைசி வரியையும் மனப்பாடம் செய்துவிடுவேன். பதற்றம் தாக்குவது தொடக்கத்தில். முடிக்கத் தெரியாமல்தான் பேச்சு நீள்கிறது. நடுவே, இருவரையும் சேர்த்துக் காட்டும் ஒரே ஒரு சம்பவம் போதும். நண்பனைப் பற்றியே பேசி, அவன் கைப்பிடித்தவளை மறந்துவிடுவது மனதை நோகடிக்கும்.

மேடைப் பயம் கடுமையாக இருப்பவர்கள் தயங்காமல் வாசிக்கட்டும். கைபேசியில் வேண்டாம், நடுவில் திரை அணைந்துவிடும். தாளில், பெரிய எழுத்தில்.