கூலன்ட் மாற்ற வாங்கிய புனலும் பாட்டிலும்: ஒன்றுதான் தேறியது

காரின் கூலன்டை, அதாவது எஞ்சின் சூட்டைத் தணிக்கும் திரவத்தை, வீட்டு வாசலிலேயே நானே மாற்றுவது என்று முடிவு செய்ததும் இரண்டு பொருள் வாங்கினேன். ஒன்று ரேடியேட்டர் வாயில் மாட்டுகிற பெரிய புனல் செட். இன்னொன்று, உள்ளே படிந்திருக்கும் துருவையும் அழுக்கையும் கரைத்துக் கொண்டுவந்துவிடும் என்று விற்கிற ஃபிளஷ் பாட்டில். புனலுக்குக் கொடுத்த காசு வீண் போகவில்லை. பாட்டிலைப் பற்றி அப்படிச் சொல்ல வாய் வரவில்லை.

பாட்டில் கதையை முதலில் முடித்துவிடுகிறேன். பழைய கூலன்டை வடித்துவிட்டு, தண்ணீரோடு இதையும் ஊற்றி, ஹீட்டரை முழுச் சூட்டில் வைத்து, எஞ்சினைக் கால் மணி நேரம் ஓடவிட்டு, ஆறியதும் வடிக்கச் சொல்கிறது லேபிள். எதிலிருந்து கால் மணி நேரம் என்று சொல்லவில்லை. எஞ்சின் சூடாகி தெர்மோஸ்டாட் (ரேடியேட்டருக்குப் போகும் வழியைத் திறக்கும் வால்வு) திறக்கும்வரை, பெரும்பாலான கார்களில் அது 80 முதல் 90 டிகிரி வாக்கில், தண்ணீர் எஞ்சினுக்குள்ளும் ஹீட்டர் குழாயிலும் மட்டும்தான் சுற்றும். ரேடியேட்டர் பக்கம் எட்டிக்கூடப் பார்க்காது. ஸ்டார்ட் செய்ததிலிருந்து கணக்குப் பார்த்தால் பாதி நேரம் மருந்து போக வேண்டிய இடத்துக்கே போயிருக்காது. ரேடியேட்டரின் மேல் ஹோஸ் கொதிக்கக் கொதிக்கச் சூடான பிறகுதான் நான் நேரம் பார்க்க ஆரம்பித்தேன். (தொட்டுப் பார்க்கும்போது ஃபேனிடமிருந்து கையைத் தள்ளி வையுங்கள், சில கார்களில் சாவியை எடுத்த பிறகும் அது சட்டென்று சுற்றும்.)

இவ்வளவும் செய்து வடித்தால் வந்தது வெளிறிய பச்சைத் தண்ணீர், அவ்வளவுதான். என் கூலன்ட் முன்பே சுத்தமாகத்தான் இருந்தது, அது பாட்டிலின் தப்பில்லை, சரி. ஆனால் அந்த மருந்து உள்ளே தங்கினால் புதுக் கூலன்டையும் கெடுக்கும் என்பதால் டிஸ்டில்டு வாட்டர் ஊற்றி, ஓடவிட்டு, ஆறவிட்டு, வடித்து, திரும்ப ஊற்றி, இப்படி மூன்று முறை. ஒரு முறை ஆறவே ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகிறது. அவசரப்பட்டுச் சூட்டோடு மூடியைத் திறக்கலாம் என்று நினைக்கவே நினைக்காதீர்கள், அழுத்தத்தில் 100 டிகிரிக்கு மேலும் கொதிக்காமல் அடங்கியிருக்கும் தண்ணீர், திறந்த நொடியில் முகத்தில் பீறிட்டு அடிக்கும். பழைய கூலன்ட் பழுப்பாக, கலங்கலாக வந்தால் இந்த பாட்டிலை வாங்குங்கள். நல்ல நிறத்தில் வந்தால் வெறும் டிஸ்டில்டு வாட்டர் போதும். பாலும் டிகாக்ஷனும் கலந்த மாதிரி வந்தால் எண்ணெய் கலந்திருக்கிறது என்று அர்த்தம், அது பாட்டிலால் தீருகிற வியாதி இல்லை, மெக்கானிக்கிடம் போங்கள்.

புனல் வேறு ரகம். அதன் வேலை ஊற்றுவது மட்டும் இல்லை. கூலன்ட் மாற்றுவதில் பெரிய தலைவலியே உள்ளே மாட்டிக்கொள்ளும் காற்றுதான். காற்று நின்றால் ஹீட்டரில் குளிர்காற்று வரும், வெப்பமானி முள் திடீரென்று ஏறும், எஞ்சினில் ஒரு பக்கம் மட்டும் வறுபடும். இந்தப் புனலை ரேடியேட்டர் வாயில் கசியாமல் பொருத்திப் பாதி நிரப்பி வைத்தால் மொத்த அமைப்பிலும் அதுதான் உயரமான இடம். எஞ்சின் ஓட ஓடக் குமிழிகள் அதன் வழியே மேலே வந்து வெடிக்கின்றன, அந்த இடத்துக்குக் கூலன்ட் தானே இறங்குகிறது. தெர்மோஸ்டாட் திறந்த நேரத்தில் குபுக்கென்று ஒரு பெரிய குமிழி வந்தது, புனலில் அளவு மளமளவென்று இறங்கியது. அதைப் பார்த்துக்கொண்டு நிற்பதே ஒரு சுகம். முன்சக்கரங்களைச் சாய்தளத்தில் ஏற்றி வைத்தால் இன்னும் சுலபம். கடைசியில் புனலின் துளையை மூடும் அடைப்புக் குச்சியைச் செருகி, மிச்சத்தோடு புனலைத் தூக்கிவிடலாம். கூலன்டில் இருக்கும் எத்திலீன் கிளைக்கால் இனிக்கும், நாயோ குழந்தையோ நக்கினால் உயிருக்கே ஆபத்து என்பதால் தரையில் சிந்தாதது சின்ன விஷயம் இல்லை.

குறையும் உண்டு. அடைப்புக் குச்சி சரியாக உட்காராமல் சொட்டுகிறது, அடியில் துணி பிடிக்க வேண்டியிருக்கிறது. புனலை வாயில் பொருத்தும் அடாப்டர்களில் எது எந்த வாய்க்கு என்று எங்கேயும் எழுதவில்லை, ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்தேன். ரேடியேட்டரில் மூடியே இல்லாமல் எக்ஸ்பான்ஷன் டேங்கில் மட்டும் திருகு மூடி இருக்கும் கார் என்றால், அதற்கான மரை அடாப்டர் செட்டில் இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள்.

இனி என் முட்டாள்தனம். பாதிக்குப் பாதி தண்ணீர் கலந்தே வரும் கூலன்ட் வாங்கியிருந்தேன். என் காரின் கொள்ளளவு 6 லிட்டர், ரேடியேட்டர் அடிக்குழாயைத் திறந்தால் வடிவது 3.5 லிட்டர்தான். மீதி 2.5 லிட்டர், மூன்று முறை கழுவிய பிறகு அத்தனையும் தண்ணீர், எஞ்சினுக்குள்ளேயே நிற்கிறது. அதன் மேல் கலந்த கூலன்டை ஊற்றியதில் கிடைத்தது, 50 சதவீதம் இருக்க வேண்டிய இடத்தில், 29 சதவீதக் கலவை. துருவைத் தடுக்கும் சரக்கும் அதே கணக்கில் நீர்த்துப் போயிருக்கும். அப்புறம் என்ன, திரும்ப 3.5 லிட்டர் வடித்து, இரண்டே கால் லிட்டர் கான்சன்ட்ரேட்டும் (தண்ணீர் கலக்காத கூலன்ட்) ஒன்றே கால் லிட்டர் டிஸ்டில்டு வாட்டரும் ஊற்றிச் சரிசெய்தேன். முதலிலேயே கான்சன்ட்ரேட் வாங்கி, 3 லிட்டர் அதை ஊற்றி, அரை லிட்டர் தண்ணீர் விட்டிருந்தால் ஒரே தடவையில் முடிந்திருக்கும். வகையையும் நிறம் பார்த்து எடுக்காதீர்கள், ஒரே நிறத்தில் வெவ்வேறு வகை விற்கிறது. கார் கையேட்டில் போட்டிருப்பதை எடுங்கள்.

இரண்டாவது தடவையும் காற்றை அந்தப் புனல்தான் எடுத்தது. மறுநாள் காலை ரிசர்வ் டேங்கில் ஒரு விரல் அளவு இறங்கியிருந்தது, நிரப்பினேன். அதற்குப் பிறகு இறங்கவில்லை.