ஸ்லைடா, வீடியோவா, கேள்வியா? மூன்றையும் நடத்திப் பார்த்தபின்

புள்ளியியல் அடிப்படைப் பாடத்தை எட்டு வருடமாக எடுக்கிறேன். வகுப்பில் அறுபது எழுபது பேர் இருப்பார்கள். முதல் நான்கு வருடம் ஸ்லைடு போட்டு விரிவுரை. அப்புறம் ஒரு வருடம் தலைகீழ் வகுப்பு, அதாவது வீடியோவை வீட்டில் பார்த்துவிட்டு வா, வகுப்பில் கணக்குப் போடலாம் என்ற முறை. கடைசி மூன்று வருடமாக, கேள்வியைப் போட்டு மாணவர்களையே பேசவிடுவது. இப்போது நிற்பது இதில்தான், அதனால் என் தராசு எந்தப் பக்கம் சாயும் என்பதில் ரகசியம் ஒன்றுமில்லை.

ஸ்லைடைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டாம். பாடத்திட்டம் முடியும், முன்வரிசை தலையாட்டும், யாருக்கும் சங்கடமில்லை. வெறும் விரிவுரை போதாது என்பதற்கும் இனி பெரிய வாதம் தேவையில்லை. 2014இல் ஸ்காட் ஃப்ரீமன் குழுவினர் அறிவியல், பொறியியல், கணிதப் பாடங்களில் நடந்த 225 ஆய்வுகளைச் சேர்த்து அலசினார்கள். விரிவுரை வகுப்புகளில் தோற்றவர்கள் சராசரியாக 33.8 சதவீதம், மாணவர்களைச் செய்யவைத்த வகுப்புகளில் 21.8. சரி, ஆனால் 'செய்யவைப்பது' என்ற ஒரு பெயருக்குள் பத்துப் பண்டம் இருக்கிறது. எதை எடுப்பது?

நான் முதலில் எடுத்தது வீடியோ. ஒன்று பன்னிரண்டு நிமிடம், மொத்தம் முப்பது வீடியோ. புரியாத இடத்தை நிறுத்தித் திரும்பப் பார்க்கலாம் என்பது உண்மையான லாபம், மெதுவாகப் பிடிப்பவர்கள் நன்றி சொன்னார்கள். பார்க்காமல் வருகிறவர்கள் தொல்லை எல்லோருக்கும் தெரிந்ததுதான். என்னைக் கைவிடவைத்தது வேறு: பராமரிப்பு. பருவத்தின் நடுவில் பாட வரிசை மாறியது. "போன வீடியோவில் பார்த்தோம் அல்லவா" என்று நான் சொன்ன இடமெல்லாம் பொய்யாகிவிட்டது. ஒரு வீடியோவில் n-1 என்று சொல்ல வேண்டிய இடத்தில் n என்று சொல்லியிருந்தேன்; அந்த ஒரு சொல்லுக்காக முழுதையும் மறுபடி பதிவு செய்தேன். ஸ்லைடில் இது அரை நிமிட வேலை.

கேள்வி முறையை ஹார்வர்டில் இயற்பியல் எடுக்கும் எரிக் மஸுர் 1991இல் தொடங்கினார். நடைமுறை எளிது. நான்கு விடைகளுடன் ஒரு கேள்வி. முதலில் ஒவ்வொருவரும் தனியாக யோசித்து வாக்களிக்க வேண்டும். சரியாகச் சொன்னவர்கள் 30 சதவீதத்துக்கும் 70க்கும் இடையில் இருந்தால் பக்கத்தில் இருப்பவரோடு வாதாடவிட்டு மறுவாக்கு. 30க்குக் கீழே என்றால் ஆசிரியரே மறுபடி விளக்க வேண்டும். 70க்கு மேலே என்றால் இரண்டு வரி சொல்லிவிட்டு நகரலாம். வாக்குக்குக் கருவி, செயலி எல்லாம் இருக்கிறது. நான் நான்கு நிற அட்டைகள் வைத்திருக்கிறேன், சார்ஜ் போட வேண்டியதில்லை.

ஒரு கேள்வி: மாதிரியின் அளவை 100இலிருந்து 400 ஆக்கினால் சராசரியின் திட்டப் பிழை (மாதிரிக்கு மாதிரி சராசரி எவ்வளவு ஊசலாடும் என்பதன் அளவு) என்ன ஆகும்? பாதியாகும் என்பது சரி. முதல் வருடம் மற்ற மூன்று விடைகளையும் நானாகக் கற்பனை செய்து வைத்தேன். இரண்டைச் சீந்துவாரில்லை. அந்தப் பருவத் தேர்வுத்தாள் திருத்தும்போது ஒரு மாணவி 'மாறாது' என்று எழுதி, காரணமும் எழுதியிருந்தார்: தொகுதியின் சிதறல் அப்படியேதானே இருக்கிறது! தனித்தனி மதிப்புகளின் சிதறலைச் சொல்லும் திட்ட விலக்கத்தையும் திட்டப் பிழையையும் ஒன்றாக நினைத்திருக்கிறார். அடுத்த வருடம் 'மாறாது' என்பதைச் சேர்த்தேன். வகுப்பு இரண்டாகப் பிளந்தது, ஆறு நிமிடம் சத்தம் ஓயவில்லை.

எனக்கு இந்த முறையைத் தீர்மானமாக்கியது இதுதான். ஸ்லைடை வருடாவருடம் தேதி மாற்றி ஓட்டினேன், அது சாயம் போய்க்கொண்டே வந்தது. வீடியோவைத் திருத்தத் திருத்த செலவுதான். கேள்வி மட்டும் பழகப் பழகக் கூர்மையாகிறது, அதற்கான தீனியும் எப்படியும் திருத்தியாக வேண்டிய விடைத்தாள்களிலிருந்தே வருகிறது. ஒரு பருவத்துக்கு ஏழெட்டுக் கேள்வியில்தான் கை வைக்கிறேன். வேலை முழுக்க முதல் வருடத்தில், அது நிஜமாகவே முதுகை ஒடிக்கும்.

இழப்புகளும் உண்டு. இரண்டு தலைப்புகளை வகுப்பிலிருந்து எடுத்து வாசிப்புக்குத் தள்ளினேன். முதல் பருவத்தில் மாணவர் மதிப்பீடு சரிந்தது. "நீங்கள் பாடமே நடத்துவதில்லை" என்று எழுதியிருந்தார்கள். 2019இல் வெளிவந்த ஒரு ஹார்வர்டு ஆய்வைப் படித்தபின் கொஞ்சம் ஆறுதல்: வாய்வீச்சான விரிவுரை கேட்டவர்கள் நிறையக் கற்றதாக உணர்ந்தார்கள், சோதனையில் அதிகம் எடுத்தவர்களோ தாங்களே செய்து பார்த்த வகுப்பினர். இப்போது முதல் நாளே இதை மாணவர்களிடம் சொல்லிவிடுகிறேன். புகார் குறைந்தது, நிற்கவில்லை.

முந்நூறு பேர் அரங்கில் இது எப்படிப் போகும் என்று நான் சொல்ல முடியாது, அப்படி எடுத்ததில்லை. இலக்கியம், வரலாறு மாதிரி ஒற்றை விடை இல்லாத பாடங்களில் நான்கு அட்டை போதுமா என்பதிலும் எனக்குச் சந்தேகம்தான். இணையவழி வகுப்பில் ஒரு பருவம் முயன்றேன். பக்கத்து இருக்கை இல்லாமல் அது பாதிதான் வேலை செய்தது.

என் பாடத்திலேயே ஒரு கேள்வி இன்னும் அடங்கவில்லை. புள்ளியியல் சோதனையின் முடிவில் வரும் p மதிப்பு என்ற எண் 0.03 என்றால் என்ன பொருள் என்பது. மூன்று வருடமாக விடைகளை மாற்றி மாற்றி வைக்கிறேன், பேசவிட்டால் சரியாகச் சொன்ன நாலைந்து பேரும் எதிர்க்கட்சிக்குப் போய்விடுகிறார்கள். அந்த ஒன்றுக்கு மட்டும் பழைய ஸ்லைடைத்தான் போடுகிறேன்.