99.0-இல் இல்லாத நிலையம்: ஒரு டாங்கிளுடன் ஆறு வருடம்

கணினியின் யுஎஸ்பியில் செருகி ரேடியோ கேட்க ஒரு டாங்கிள் வைத்திருக்கிறேன். போன வாரம் அதன் ஆன்டெனா கனெக்டர் ஆட ஆரம்பித்துவிட்டது. ரிச்சி தெருவில் ஒரு மாடிப்படிக் கடையில் கொடுத்தேன். பத்து நிமிடத்தில் பற்றவைத்துக் கொடுத்து 150 ரூபாய் வாங்கிக்கொண்டவர், "இதுல டிவி தெரியுமா சார்?" என்றார். தெரியாது. இதன் உள்ளே இருக்கும் ஆர்டிஎல்2832யு சில்லு டிவிபி-டி என்ற தரைவழி டிஜிட்டல் டிவி ஒளிபரப்புக்காகச் செய்தது. இங்கே தூர்தர்ஷன் தரைவழியாக அனுப்புவது அதன் அடுத்த தலைமுறையான டிவிபி-டி2. "அப்புறம் எதுக்கு சார் இது?" என்று கேட்டார். ரேடியோ கேட்க என்றேன். அவர் கடையிலேயே ஒரு ரேடியோ பாடிக்கொண்டிருந்தது. அதை ஒரு முறை பார்த்தார், என்னை ஒரு முறை பார்த்தார், அதற்கு மேல் எதுவும் கேட்கவில்லை.

அன்று இரவே ஒரு தம்பி போன் செய்தான். ஹாம் (அமெச்சூர் ரேடியோ) லைசென்ஸ் தேர்வுக்குப் படித்துக்கொண்டிருப்பவன். "அண்ணா, டாங்கிள் விலை இறங்கியிருக்கு. வாங்கிடவா?" ஒரு வார்த்தையில் பதில் சொல்ல முடியாமல் முக்கால் மணி நேரம் பேசினேன். அதில் பாதி புலம்பல். அந்தப் புலம்பலைத்தான் இங்கே ஒழுங்காக எழுதிப் பார்க்கிறேன்.

எட்டு பிட், ஆர்820டி2 ட்யூனர், வினாடிக்கு 2.4 மெகாசாம்பிள் (24 லட்சம் அளவீடுகள்) வரை நிம்மதி, 3.2 போட்டால் சாம்பிள்கள் உதிரும். இதெல்லாம் எல்லோருக்கும் தெரிந்ததுதான். சூடாகும், அதுவும் தெரியும். என் கோபம் வேறு இடத்தில் இருக்கிறது. அது திரையின் இரண்டு ஓரங்களில்.

வாங்கிய முதல் வருடம், ஒரு சாயங்காலம். எஃப்எம் பட்டையில் நடு அதிர்வெண்ணை 100.0-இல் வைத்துவிட்டு வாட்டர்ஃபாலை, அதாவது பட்டையில் எங்கெங்கே அலை இருக்கிறது என்று காட்டும் திரைப் படத்தை, பார்த்துக்கொண்டிருந்தேன். 99.0-இல் ஒரு நிலையம். சென்னையில் 99.0-இல் எதையும் கேட்ட ஞாபகம் இல்லை. சொடுக்கினால் பாட்டு, துளி இரைச்சல் இல்லாமல். கொஞ்ச நேரம் கேட்டதும் புரிந்தது, அது 101.4-இல் வரும் ஆகாசவாணியின் ரெயின்போ. அதே நிகழ்ச்சி, அதே அறிவிப்பாளர். புதிதாக மறு ஒலிபரப்பு நிலையம் போட்டுவிட்டார்கள் என்று நினைத்தேன். வீட்டில் சொன்னேன். யாரும் அசரவில்லை.

பாக்கெட் ரேடியோவை எடுத்துக்கொண்டு மொட்டைமாடிக்குப் போனேன். 99.0-இல் வெறும் இரைச்சல். சரி, டாங்கிளின் முன்பகுதி திணறி இல்லாததை உருவாக்குகிறது போலும் என்று கெயினை, அதாவது பெருக்கத்தை, 10 டெசிபெல் குறைத்தேன். திணறலால் வரும் கலப்படம் என்றால், கெயின் குறைவதை விட வேகமாக விழவேண்டும். இது சரியாக 10 டெசிபெல் விழுந்தது, அசல் நிலையம் எப்படி விழுமோ அப்படி. நடு அதிர்வெண்ணை 99.9-க்கு நகர்த்தினேன். இல்லாத இடத்தில் தெரியும் போலி அலை, அதாவது பேய் என்றால் இடம் மாறும் என்பது நமக்குச் சொல்லிக்கொடுத்த சோதனை. இது அசையவில்லை, 99.0-இலேயே நின்றது. கொஞ்சம் மங்கியது, அவ்வளவுதான். இதற்கு மேல் என்ன நிரூபணம் வேண்டும்? கேபிள் மாற்றினேன், இரைச்சலைத் தடுக்கும் ஃபெர்ரைட் மாட்டினேன், யுஎஸ்பி நீட்டிப்பு வாங்கினேன். இரண்டு வாரம்.

பிடிபட்டது தற்செயலாகத்தான். பழைய மடிக்கணினி மூச்சு வாங்குகிறதே என்று சாம்பிள் ரேட்டை 2.4-இலிருந்து 2.048-க்கு இறக்கினேன். பேய் 99.352-க்குத் தாவியது. காகிதத்தில் கழித்துப் பார்த்தேன். 101.4 கழித்தல் 2.4 என்றால் 99.0. 101.4 கழித்தல் 2.048 என்றால் 99.352. அட.

நடுவை நகர்த்தினால் ஏன் அசையவில்லை என்பதற்கும் அங்கேயே பதில் இருந்தது. டாங்கிளிலிருந்து வருவது ஐ, க்யூ என்று ஜோடியாக வரும் சிக்கலெண் சாம்பிள்கள். பட்டைக்கு வெளியே உள்ள அலை உள்ளே வந்து விழுவதை மடிப்பு என்பார்கள். அது எப்போதும் ஒரு முழு சாம்பிள் ரேட் தூரத்துக்கு அப்படியே நகர்த்தும், கண்ணாடி மாதிரி திருப்பிப் போடாது. அதனால் நடு அதிர்வெண் கணக்கிலேயே வராமல் கழிந்துவிடுகிறது. பேய் அசையாது, பாட்டும் கெடாது. சாம்பிள் ரேட்டை மாற்றினால் மட்டும்தான் ஓடும். இதை அன்றைக்கு எனக்கு யாராவது சொல்லியிருந்தால் ஃபெர்ரைட் காசு மிச்சம்.

சரி, 101.4 ஏன் உள்ளே வந்தது? நடு 100.0, ரேட் 2.4 என்றால் திரையில் 98.8 முதல் 101.2 வரைதான். ரெயின்போ வேலிக்கு 200 கிலோஹெர்ட்ஸ் வெளியே நிற்கிறது. அதை வாசலிலேயே நிறுத்துவதுதான் சாம்பிள் எண்ணிக்கையைக் குறுக்கும் டெசிமேஷன் வடிகட்டியின் வேலை. சில்லு வினாடிக்கு 2.88 கோடி சாம்பிள் எடுக்கிறது, அதில் பன்னிரண்டில் ஒன்றைத்தான் நமக்குத் தருகிறது. மீதியைத் தூக்கிப் போடுவதற்கு முன்னால், புதிய பட்டைக்கு வெளியே இருப்பதை எல்லாம் வழித்து எடுத்திருக்க வேண்டும். எடுக்காவிட்டால் அது மடிந்து உள்ளே வந்து உட்கார்ந்துகொள்ளும்.

அந்த வடிகட்டி ஒன்றும் ரகசியம் இல்லை. டாங்கிளை இயக்கும் லிப்ஆர்டிஎல்எஸ்டிஆர் மென்பொருளின் மூலநிரலைத் திறந்தால் பதினாறே எண்கள். -54, -36, -41 என்று தொடங்கி 372, 404, 421 என்று முடியும். சமச்சீர் என்பதால் மறுபாதி அதே எண்கள் தலைகீழாக, மொத்தம் 32 டேப், அதாவது 32 பெருக்கெண்கள். வின்டோஸ் டிரைவர் டிஏபி என்ற டிஜிட்டல் ரேடியோவுக்கும் எஃப்எம்முக்கும் பயன்படுத்திய குணகங்கள் இவை என்று பக்கத்திலேயே குறிப்பும் இருக்கிறது. ஒரு ஞாயிற்றுக்கிழமை இவற்றை விரிதாளில் போட்டுக் கணக்குப் பார்த்தேன். நடுவிலிருந்து 1 மெகாஹெர்ட்ஸ் தள்ளி 1.5 டெசிபெல் சரிவு. 1.2-இல், அதாவது திரையின் விளிம்பில், சரியாக 3. இதுவரை குறை சொல்ல எதுவும் இல்லை. அப்புறம் 1.4-இல், நம் ரெயின்போ நிற்கும் இடத்தில், 5.3. வெறும் 5.3! வாட்ச்மேன் கேட்டில் இருக்கிறார், ஆனால் வருகிறவர்களுக்கு எழுந்து வணக்கம் சொல்லி அனுப்புகிறார். 98.3-இல் இருக்கும் தனியார் நிலையம் மறுபக்கம் 1.7 மெகாஹெர்ட்ஸ் தள்ளி. அதற்கு 11 டெசிபெல்தான் தடை, அது 100.7-இல் முளைக்கிறது. இரண்டாவது பேயை இந்தக் கணக்கைப் போட்ட பிறகுதான் கவனித்தேன், அதுவும் இவ்வளவு நாளாக அங்கேயேதான் இருந்திருக்கிறது.

திட்டுவதற்கு முன் நியாயமும் பேசவேண்டும். 32 டேப், 28.8 மெகாஹெர்ட்ஸ் வேகத்தில். வகுத்தால் 1.1 மைக்ரோவினாடி. இந்த வடிகட்டிக்கு ஞாபகசக்தி அவ்வளவுதான். 200 கிலோஹெர்ட்ஸ் இடைவெளியில் இருக்கும் இரண்டு அலைகளைப் பிரித்தறிய, குறைந்தது 5 மைக்ரோவினாடி நேரம் அவற்றைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். யார் எண்களை எழுதியிருந்தாலும், எவ்வளவு கெட்டிக்காரத்தனமாக எழுதியிருந்தாலும், 1.1 மைக்ரோவினாடியில் அந்த வேலை நடக்காது. டிவி அலைவரிசை 6, 7, 8 மெகாஹெர்ட்ஸ் அகலம், அதற்குப் போதும். லினக்ஸ் டிரைவர் எழுதும் ஆன்ட்டி பலோசாரி 2012-இல் இந்தச் சில்லு பதப்படுத்தாத சாம்பிள்களையே வெளியே தரும் என்று கவனித்து, ஆஸ்மோகாம் என்ற திறந்த மூல மென்பொருள் குழுவினர் அதைப் பிடித்துக்கொள்ளும்வரை, இதை யாரும் வாட்டர்ஃபாலாகப் பார்க்கப் போவதாகச் செய்தவர்கள் நினைத்திருக்க வாய்ப்பில்லை. பிழைப்புக்காக ஆட்டோ ஓட்டுகிறவரைப் பந்தயத்தில் நிறுத்திவிட்டு, ஏன் தோற்றாய் என்று கேட்பது மாதிரி.

அந்த நியாயம் மூளைக்குத்தான். சாயங்காலம் பட்டையைத் துழாவும்போது எரிச்சல் எரிச்சல்தான்.

எதிர்பாராத சந்தோஷமும் இங்கேயே இருக்கிறது. அந்தப் பதினாறு எண்களை மாற்றலாம். மூலநிரலில் திருத்தி மறுபடி தொகுத்தால் சில்லு மறுபேச்சு இல்லாமல் ஏற்றுக்கொள்ளும். சின்ன நிபந்தனை ஒன்று உண்டு. வெளிப்பக்க எட்டு எண்களும் 8 பிட்டுக்குள் அடங்கவேண்டும், 127-ஐத் தாண்டக்கூடாது. உள்பக்க எட்டுக்கு 12 பிட் இடம். நான் இரு ஓரமும் மெல்லத் தேயும் ஹான் சாளர வடிவத்தில் 32 எண் போட்டேன். ரெயின்போவுக்கான தடை 5.3-இலிருந்து சுமார் 17 ஆனது. 99.0-இல் பாட்டு தேய்ந்து, காதைத் தீட்டிக் கேட்டால்தான் உண்டு என்ற நிலை. அன்று இரவு எனக்கு இருந்த பெருமையை எழுதினால் சிரிப்பீர்கள். சில நூறு ரூபாய் சில்லின் உள்ளே, சிலிக்கானில் ஓடும் வடிகட்டியின் வடிவத்தை, சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து மாற்றியிருக்கிறேன்.

விலை இல்லாமல் எதுவும் கிடைக்காதே. புதிய வடிவத்தில் திரையின் விளிம்பு 11 டெசிபெல் சரிந்தது. தட்டையாக இருந்த இரைச்சல் தரை ஒட்டக முதுகாகிவிட்டது. மென்பொருளில் எதிர்வளைவு போட்டு நிமிர்த்தலாம். நிமிர்த்தினால் ஓரத்தில் எட்டு பிட்டின் சொரசொரப்பும் கூடவே எழுந்து நிற்கும். ஒரு மாதம் அந்த ஒட்டகத்தோடு குடும்பம் நடத்திவிட்டுப் பழைய எண்களுக்கே திரும்பிவிட்டேன்.

இப்போது செய்வது இதுதான். எப்போதும் 2.4-இல் வாங்குவது, நடுவிலிருந்து இருபுறமும் 400 கிலோஹெர்ட்ஸ் மட்டும் நம்புவது. அந்தப் பகுதிக்குள் மடிந்து விழக்கூடியது எல்லாம் 2 மெகாஹெர்ட்ஸ் தாண்டி இருப்பவை, அவற்றுக்கு 20 டெசிபெல்லுக்கு மேல் தடை உண்டு. மிச்சக் குறுக்கலைக் கணினி செய்யட்டும், அங்கே நூற்றுக்கணக்கில் டேப் போட்டாலும் யாரும் கேட்கமாட்டார்கள். 'எனக்குத் தேவை 250 கிலோஹெர்ட்ஸ்தான், அந்த ரேட்டிலேயே வாங்கிக்கொள்கிறேன்' என்று சிக்கனம் பார்ப்பவர்கள்தான் அதிகம் மாட்டுகிறார்கள். ரேட் குறைந்தால் அந்த 32 டேப் தானாக ஒடுங்குவதில்லை. டாங்கிளில் எஃப்எம் கேட்க உதவும் ஆர்டிஎல்-எஃப்எம் நிரலே, நாம் எவ்வளவு குறுகலாகக் கேட்டாலும், வன்பொருளிடம் 1 மெகாசாம்பிளுக்கு மேல் வாங்கித் தானே குறைத்துக்கொள்கிறது. எழுதியவருக்கு விஷயம் தெரிந்திருக்கிறது. அந்த நிரலின் உதவிக் குறிப்பில் குறுக்கல் வடிகட்டியின் அளவு 0 அல்லது 9 என்று போட்டு, 0 என்றால் சரிவு மோசம் என்று எழுதியிருப்பார்கள். வெளிப்படையான மனிதர்கள்.

வெளிப்படை என்றதும் இன்னொன்று. நண்பர் ஒருவரின் ஆய்வகத்தில் 100 மெகாஹெர்ட்ஸ் கடிகாரத்தில் ஓடும் யுஎஸ்ஆர்பி என்ற ஆய்வக ரேடியோ ஒன்று இருக்கிறது. 20 மெகாசாம்பிள் கேட்டோம். டிரைவர் ஓர் எச்சரிக்கை போட்டது. வகுக்கும் எண் (100-க்கு 20 என்றால் 5) ஒற்றைப்படை, சிஐசி சரிவை எதிர்பார்த்துக்கொள், இரட்டைப்படையாகக் கொடுத்தால் சரியாகப் பாதிப் பட்டையை விடும் ஹாஃப்பேண்ட் வடிகட்டி சேரும் என்று. பொறியாளர் ஹோகனவர் 1981-இல் எழுதிய அந்த சிஐசி வடிகட்டியில் பெருக்கலே கிடையாது. கூட்டலும் கழித்தலும்தான், அதனால் எஃப்பிஜிஏ என்ற, உள்சுற்றை நாமே அமைக்கும் சில்லில் மலிவு. பதிலுக்கு ஓரங்கள் தொங்கும். நான்கு அடுக்கு, ஐந்தால் வகுத்தல் என்று கணக்கிட்டால் விளிம்பில் 15 டெசிபெல், பாதி வழியிலேயே 3.5. திரையில் குடை விரித்த மாதிரி இருந்தது. 25 கேட்டதும் இரண்டு ஹாஃப்பேண்டும் சேர்ந்து தட்டையாகிவிட்டது. என் டாங்கிளை விட மோசமான சரிவுதான், ஆனால் முன்கூட்டியே சொல்லிவிட்டது. ஏர்ஸ்பை எச்எஃப்+ என்ற ரேடியோ இன்னும் ஒரு படி மேல். ரேட் 768 கிலோஹெர்ட்ஸ், மடிப்பு இல்லாதது 660 என்று விவரப் பட்டியலிலேயே போட்டுவிடுகிறார்கள். அந்த 660 என்ற எண்ணுக்காகவே அவர்கள் மேல் மரியாதை. என் டாங்கிளின் அட்டைப்பெட்டியில் 2.4 மட்டும்தான் இருந்தது.

அப்படியானால் ஆறு வருடமாக ஏன் வைத்திருக்கிறேன்? 1090 மெகாஹெர்ட்ஸில் விமானங்களைப் பார்ப்பதற்கு ஓரம் எப்படி இருந்தால் என்ன, இரண்டு வருடம் இரவும் பகலும் ஓடியது. நோவா 15, 18, 19 என்ற வானிலைச் செயற்கைக்கோள்கள் மூன்றும் 2025-இல் ஓய்ந்துபோகும்வரை, மொட்டைமாடியில் இந்த டாங்கிளோடுதான் உட்கார்ந்து வங்கக்கடல் மேகங்களை வரிவரியாக இறக்கியிருக்கிறேன். அதற்குத் தேவை நடுவில் 40 கிலோஹெர்ட்ஸ். டெசிமேஷன் என்றால் என்ன, மடிப்பு என்றால் என்ன என்று எனக்குப் புரிந்ததும் இதன் குறையால்தான். நல்ல ரேடியோ வாங்கியிருந்தால் எதுவும் தெரியாமலே இருந்திருப்பேன்.

இவ்வளவையும் தம்பியிடம் சொன்னேன். "அப்போ வாங்கலாம்ல அண்ணா?" என்றான். வேண்டாம் என்றேன். சத்தியமாக அப்படித்தான் சொன்னேன். அன்றைக்குக் கனெக்டர் சரியாகி வந்ததும் சோதிக்க 100.0-இல் வைத்திருந்தேன், 99.0-இல் பாட்டு ஓடிக்கொண்டிருந்தது. அந்தக் கடுப்பு. "கொஞ்சம் சேர்த்து வச்சு, மடிப்பு எவ்வளவுன்னு எழுதித் தர்றவன்கிட்ட வாங்கு" என்றேன்.

"சரிண்ணா, அதுவரைக்கும் உங்க டாங்கிளைக் குடுங்களேன். அதான் திட்டிக்கிட்டே இருக்கீங்களே."

கனெக்டரில் ஈயம் சரியாகப் பிடித்திருக்கிறதா என்று இன்னும் பார்க்கவேண்டியிருக்கிறது என்று சொல்லி வைத்துவிட்டேன்.