மக்ரிஹானிஷ்: கொடைக்கானலில் ஆடிப் பழகியவர்கள் போய் ஆட வேண்டிய கடற்கரை மைதானம்

மதுரைக்காரர்களுக்குக் கோல்ஃப் என்றால் கொடைக்கானல்தான். 1895-ல் தொடங்கிய கிளப், சுமார் 7,000 அடி உயரம், ஓயாத ஏற்ற இறக்கம், நடுவில் வந்து நிற்கும் காட்டுமாடு. அங்கே கை பழகியவர்கள் ஸ்காட்லாந்துக்குக் கிளம்பினால் செயின்ட் ஆண்ட்ரூஸ், கார்னூஸ்டி, டர்ன்பெரி என்றுதான் பட்டியல் போடுகிறார்கள். மக்ரிஹானிஷ் அதில் வருவதே இல்லை. அந்தப் பட்டியலில் ஒன்றை எடுத்துவிட்டாவது இதைச் சேர்க்க வேண்டும்.

பெயர் அடிபடாததற்குக் காரணம் எளிது. ஓபன் சாம்பியன்ஷிப் என்ற பெரிய கோல்ஃப் போட்டி இங்கே நடந்ததில்லை, போகிற வழியும் நீளம். ஸ்காட்லாந்தின் மேற்கில் கடலுக்குள் நீட்டிக்கொண்டிருக்கும் கிண்டயர் தீபகற்பத்தின் தென்கோடியில், அட்லாண்டிக்கைப் பார்த்தபடி இருக்கிறது. 1876-ல் கிளப் உருவானது. 1879-ல் அந்தக் காலத்தின் பெயர்பெற்ற ஆட்டக்காரரும் மைதான வடிவமைப்பாளருமான ஓல்ட் டாம் மோரிஸ் வந்து 18 ஹோலாக அமைத்துக் கொடுத்தார். பிறகு சில மாற்றங்கள் நடந்திருந்தாலும், மணல்மேடுகளை வெட்டாமல் அவற்றுக்கு இடையிலேயே வழி கண்ட அந்தப் பழைய புத்தி முதல் 9 ஹோலில் இன்றும் தெரிகிறது.

பயணம்: மதுரையிலிருந்து துபாய், அங்கிருந்து கிளாஸ்கோ. இரண்டும் தனித்தனி டிக்கெட்டாக இருந்தால் துபாயில் பையை எடுத்து மறுபடி செக்-இன் செய்ய வேண்டும், நடுவில் நிறைய நேரம் விடுங்கள். கோல்ஃப் பை 15 கிலோவுக்கு வந்துவிடும், டிக்கெட் எடுக்கும்போதே அதற்கு எடை வாங்கிவிடுவது நல்லது. டிரைவர் என்ற நீளமான மட்டையின் தலை கழற்றக்கூடியது என்றால் கழற்றித் துணியில் சுற்றி வையுங்கள். விமானத்தில் உடைவது பெரும்பாலும் அதன் கழுத்துதான். கிளாஸ்கோவிலிருந்து மைதானத்துக்குப் பக்கத்து ஊரான கேம்பல்டவுனுக்குச் சாலை வழி 220 கிலோமீட்டருக்குக் கொஞ்சம் மேல். தூரத்தைப் பார்த்து ஏமாற வேண்டாம், வளைவுகள் அதிகம், மூன்றரை மணி நேரமாவது ஆகும். ஏ83 சாலையில் ‘ரெஸ்ட் அண்ட் பி தேங்க்ஃபுல்’ கணவாயில் மழைக்காலத்தில் மண்சரிவு வரும், அப்போது சுற்றிப் போக வேண்டும். கிளம்பும் காலையில் சாலை நிலவரம் பாருங்கள். நம் ஊர் லைசென்ஸ் அங்கே செல்லும், வண்டியும் இடதுபக்கம்தான் ஓடும். நேரம் மிச்சம் வேண்டுமென்றால் கிளாஸ்கோவிலிருந்து கேம்பல்டவுனுக்குச் சின்ன விமானம் உண்டு. மட்டைப் பையை ஏற்றுவார்களா என்று முன்பே கேட்டுவிடுங்கள்.

முதல் ஹோலுக்கு ‘பேட்டரி’ என்று பெயர். இத்தனை தூரம் வருவதற்கு அது ஒன்றே போதும். பார் 4, அதாவது 4 அடியில் முடிக்க வேண்டியது. பின் டீயிலிருந்து (டீ என்பது முதல் அடி அடிக்கும் இடம்) சுமார் 430 யார்டு. டீ கடலோரத்தில் இருக்கிறது. இடப்பக்கம் முழுக்கக் கடற்கரை. ஃபேர்வே (குட்டையாக வெட்டிய புல் வழி) நேராக எதிரே இல்லை, கரையோடு இடதுபக்கம் வளைந்து போகிறது. எவ்வளவு கடற்கரையைத் தாண்டி அடிக்கிறீர்களோ அவ்வளவு தூரம் குறையும். பயந்து வலதுபக்கம் அடித்தால் பந்து பத்திரமாக இருக்கும், ஆனால் இரண்டாவது அடி கிரீனை (குழி இருக்கும் புல்தரையை) எட்டாது. சராசரி ஆட்டக்காரருக்கு எங்கள் யோசனை: முன் டீயிலிருந்து ஆடுங்கள், ஃபேர்வேயின் வலது ஓரத்தைக் குறிவையுங்கள், 5 எடுத்தால் திருப்திப்படுங்கள். ஆட்டத்தின் முதல் அடியே இது என்பதால் உடம்பு சூடேறாமல் டிரைவரைத் தூக்குகிறவர்கள்தான் இடதுபக்கம் இழுத்து மணலில் போடுகிறார்கள். 15 நிமிடம் முன்னால் போய்க் கையை அசைத்துக்கொள்ளுங்கள்.

மணலில் விழுந்தால் ஆட்டம் முடிந்துவிடவில்லை. கடற்கரை இங்கே எல்லைக்கு வெளியே அல்ல, பந்து கிடக்கும் இடத்திலிருந்தே அடிக்கலாம். அது பங்கரும் (மைதானத்து மணல்குழியும்) அல்ல. ஆகவே மட்டையைத் தரையில் வைக்கலாம். பக்கத்தில் கிடக்கும் கிளிஞ்சலையும் பாசியையும் எடுத்துப் போடலாம். எடுக்கும்போது பந்து அசைந்தால் 1 ஸ்ட்ரோக் (அடி) தண்டம். ஸ்கோர்கார்டில் உள்ள உள்ளூர் விதிகளை முதலிலேயே படித்துவிடுங்கள். அலை பட்டு இறுகிய மணலில் சேண்ட் வெட்ஜை (மணலிலிருந்து பந்தைத் தூக்கும் குட்டை மட்டையை) எடுக்காதீர்கள். அதன் தடித்த அடிப்பாகம் மணலில் மோதித் துள்ளி, பந்தின் நடுவில் பட்டுவிடும். 8 அயர்ன் (8-ம் எண் இரும்பு மட்டை), பந்து பின்காலை ஒட்டி, முதலில் பந்து பிறகு மணல். ஓதம் (கடல்மட்டம்) ஏறியிருக்கும் நேரம் என்றால் மணலே இருக்காது, பந்தும் போயிற்று. ஆட்டம் தொடங்கும் நேரத்தைப் பதிவு செய்யும்போது ஓத அட்டவணையையும் ஒருமுறை பாருங்கள்.

அடுத்து வருகிற ஹோல்களில் பல இடத்தில் பந்து எங்கே விழும் என்றே கண்ணுக்குத் தெரியாது. 7-வது ஹோலில் இரண்டாவது அடி பெரிய மணல்மேட்டுக்கு மேலாக, கிரீனைப் பார்க்காமலே அடிக்க வேண்டியது. மேட்டில் ஏறிப் பார்த்துவிட்டு இறங்கி வந்து அடியுங்கள். 4-வது ஹோல் ‘ஜூரா’ வெறும் 120 யார்டு சொச்சம்தான். காற்று அடித்தால் அங்கே வெட்ஜும் வரும், 6 அயர்னும் வரும். ஐலா, ஜூரா, கியா என்று எதிரே கடலில் தெரியும் தீவுகளின் பெயர்களை ஹோல்களுக்கு வைத்திருக்கிறார்கள்.

கொடைக்கானல் கணக்கு இங்கே செல்லாது. 7,000 அடி உயரத்தில் காற்று மெல்லியது, பந்து கடல் மட்டத்தைவிட ஏறக்குறைய 8 சதவீதம் கூடுதலாகப் போகும். அங்கே 150 யார்டு போகிற உங்கள் மட்டை இங்கே 139-தான் போகும். குளிர் இன்னும் கொஞ்சம் குறைக்கும், ஜூலையிலும் பகலில் 15, 16 டிகிரிதான். அதற்கு மேல் காற்று. கம்பம் பள்ளத்தாக்கின் ஆடிக்காற்றைப் போல விடாமல் தள்ளும். எதிர்க்காற்று மணிக்கு 10 மைல் என்றால் தூரத்தில் சுமார் 10 சதவீதம் போகும், பின்காற்றில் கிடைப்பது அதில் பாதிதான். எதிர்க்காற்றில் பலமாக அடித்தால் பந்தின் சுழற்சி கூடி மேலே ஏறித் தொங்கிவிடும். எண்ணில் இரண்டு குறைந்த, அதாவது இன்னும் தூரம் போகும் மட்டை, பிடியைக் கொஞ்சம் கீழிறக்கி, முக்கால் வீச்சு.

அதைவிடப் பெரிய மாற்றம் தரை. கொடையில் ஈரப் புல்லில் பந்து விழுந்த இடத்தில் நிற்கும். இங்கே அடியில் மணல், மேலே மெல்லிய ஃபெஸ்க்யூ புல். பந்து விழுந்து 20, 30 யார்டு உருளும். கிரீனுக்குள் தூக்கிப் போட்டால் பின்னால் ஓடிவிடும். முன்னாலேயே விழவைத்து உருட்டிவிட வேண்டும். கிரீனுக்கு வெளியே 15 யார்டு வரை புல் குட்டையாக இருந்தால் வெட்ஜை மறந்துவிட்டு பட்டரை (பந்தை உருட்டும் மட்டையை) எடுங்கள். இதை வெட்கமாக நினைக்கிறவர்கள் நிறைய ஸ்ட்ரோக் இழக்கிறார்கள். பங்கரின் முன்சுவர் செங்குத்தாக இருந்தால் பக்கவாட்டில் வெளியே எடுப்பதே லாபம். மேட்டுப் புல்லுக்குள் போன பந்தைத் தேட 3 நிமிடம்தான். சந்தேகம் வந்த உடனே முதல் பந்து கிடைக்காவிட்டால் ஆடத் தற்காலிகப் பந்து ஒன்று அடித்துவிட்டு நடங்கள்.

குறையும் உண்டு. திரும்பி வரும் 9 ஹோல் கரையை விட்டு உள்ளே போவதால் அந்த வேகம் தணிகிறது. பார் 5 இரண்டும், 10-ம் 12-ம், இந்தப் பக்கம்தான். 15-ம் 16-ம் அடுத்தடுத்து பார் 3, அதில் 16 சுமார் 230 யார்டு, பலருக்கு டிரைவரே வேண்டும். கடைசி இரண்டு ஹோலும் சமதரை. முதல் ஹோலைப் பார்த்தவர்களுக்கு அந்த முடிவு சப்பென்றுதான் இருக்கும். வழக்கமாக வீசும் தென்மேற்குக் காற்று போகும்போது உதவி, வரும்போது மறிக்கும். ஆகவே பார் 70-ல் நல்ல ஸ்கோரை முதல் பாதியிலேயே சேர்த்துவிட வேண்டும்.

பையில் வேண்டியவை: மழைச் சட்டை மட்டும் போதாது, மழைப் பேன்ட்டும் வேண்டும். ஈரத்தில் பிடி தரும் மழைக் கையுறை ஒரு ஜோடி. குடை காற்றில் நிற்காது, விட்டுவிடுங்கள். 52, 56 டிகிரி வெட்ஜில் பவுன்ஸ் (அடிப்பாகத்தின் துருத்தல்) குறைந்தது இருந்தால் அதை எடுத்துக்கொள்ளுங்கள். பந்து ஒரு டஜன்.

ஜூன் மாதம் போனால் இரவு 10 மணி வரை வெளிச்சம். காலையில் ஒரு சுற்று, சாப்பாட்டுக்குப் பிறகு இன்னொரு சுற்று என்று ஒரே நாளில் 36 ஹோல் தாராளமாக ஆடலாம். பக்கத்திலேயே 2009-ல் திறந்த மக்ரிஹானிஷ் டியூன்ஸ் இருக்கிறது. டேவிட் மெக்லே கிட் அமைத்தது, நடை அதிகம், மேடுகள் இன்னும் முரடு. இரண்டு நாள் இருந்தால் அதையும் சேருங்கள். ஒரே நாள்தான் என்றால் பழைய மைதானத்தையே இரண்டு முறை ஆடுங்கள். ‘பேட்டரி’யில் காலையில் வலதுபக்கம் ஒதுங்கியவர்கள், மாலையில் கொஞ்சம் கடற்கரையை வெட்டிப் பார்க்கலாம்.