உப்புக்காற்றில் பழைய வேட்டை வில்: ராமநாதபுரம் கடலோரத்தில் நீண்ட நாள் உபயோகத்துக்குப் பின்

1960களிலும் 70களிலும் அமெரிக்காவில் மான் வேட்டைக்கென்றே செய்த ரிகர்வ் (நுனிகள் எதிர்ப்பக்கமாக வளைந்த) விற்களில் கணிசமானவை இன்றும் எய்யும் நிலையில் இருக்கின்றன. பேர் ஆர்ச்சரி (Bear) நிறுவனத்தின் கோடியாக், கிரிஸ்லி, அதோடு பென் பியர்சன், டேமன் ஹோவாட், ஷேக்ஸ்பியர் நிறுவனங்களின் விற்கள் என்று இணையத்தில் விற்பனைக்கு வந்துகொண்டே இருக்கின்றன. தொண்டியிலிருந்து வாலிநோக்கம் வரையுள்ள கரையோரத்தில் இப்படி ஒரு வில்லை வைத்துப் புழங்க முடியுமா என்று கேட்பவர்கள் எல்லோரும் பயப்படுவது உப்புக்காற்றுக்குத்தான். அந்தப் பயம் தேவையில்லை. இந்த வில்லுக்கு நம் ஊரில் எதிரி வெயில். உப்பும் ஈரமும் பதம் பார்ப்பது அம்பையும் நாணையும்தான். வாங்குவது, வைப்பது, பராமரிப்பது எல்லாவற்றையும் இதை வைத்தே முடிவு செய்ய வேண்டும்.

வேட்டை வில் என்று பெயர் இருந்தாலும் இங்கே அதற்கு வேட்டையில் வேலை இல்லை. 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி முயல், கவுதாரி, கொக்கு எதன் மீதும் அம்பு விடக்கூடாது. குறி தவறினாலும் அந்த முயற்சியே வேட்டையாகத்தான் கணக்கில் வரும். மன்னார் வளைகுடாவின் 21 தீவுகள் கடல்சார் தேசியப் பூங்கா. சக்கரக்கோட்டை, தேர்த்தங்கல், சித்திரங்குடி கண்மாய்கள் பறவைகள் சரணாலயம். அந்தப் பக்கம் வில்லோடு போகவே வேண்டாம். பிளேடு வைத்த அகல முனைகளை வாங்கவும் வேண்டாம். இலக்குப் பலகைக்கு அவை எந்த வகையிலும் உதவாது, பலகையைக் கிழித்துவிடும்.

அப்படியானால் வேட்டை வில் எதற்கு? அதன் அமைப்புக்காக. விஸ்கான்சின் மாநிலத்தில் 1934இல் வில்லுக்கென்று தனி மான் வேட்டைப் பருவம் தொடங்கியது; பிற மாநிலங்களும் பின்தொடர்ந்தன. புதருக்குள் நின்று, 20 கஜத்துக்குள், கனமான அம்பைச் சத்தமில்லாமல் விட வேண்டும் என்பதுதான் அந்த வேட்டைக்காரர்களின் தேவை. அதனால் வில் 58, 60 அங்குலத்தில் குட்டையாக இருக்கும். குறிபார்க்கும் கருவி கிடையாது, அம்பு கைப்பிடிக்கு மேலே உள்ள தட்டிலேயே உட்காரும். தென்னந்தோப்புக்குள் நடந்தபடி, தூரம் மாற்றி மாற்றி இலக்கில் எய்வதற்கு இதைவிடத் தோதான வில் இல்லை. 68 அங்குல ஒலிம்பிக் வில் மட்டையில் இடிக்கும்.

வாங்கும்போது ஆசைப்பட்டு 55, 60 பவுண்டு வில்லை எடுத்துவிட வேண்டாம். பவுண்டு என்பது வில்லை முழுதாக இழுக்கத் தேவையான விசை. அமெரிக்காவில் பல மாநிலங்களில் மான் வேட்டைக்கே சட்டம் கேட்பது 35 முதல் 40 பவுண்டுதான். இலக்குக்கு 40, மிஞ்சிப்போனால் 45. லிம்பில் (கைப்பிடிக்கு மேலும் கீழும் வளையும் பகுதி) எழுதியிருக்கும் இந்த எடை 28 அங்குல இழுப்புக்கானது. 26 அங்குலம் மட்டும் இழுப்பவர் கையில் 45 பவுண்டு வில் 40 பக்கம்தான் வரும். ஓர் அங்குலத்துக்கு இரண்டு முதல் இரண்டரை பவுண்டு குறையும். நீளத்தில் 58க்குக் கீழே போக வேண்டாம். கோடியாக் மேக்னம் 52 அங்குலம். பார்க்க அழகு, ஆனால் முழு இழுப்பில் நாண் விரல்களை நெருக்கும், வியர்த்த விரலில் விடுபடுவது சீராக வராது. 60 அங்குல சூப்பர் கோடியாக், 58 அங்குல கிரிஸ்லி இரண்டும் நல்ல தேர்வு.

பேர் நிறுவன வில்லில் "கனடா காப்புரிமை 1953" என்று எழுதியிருப்பதைப் பார்த்து 1953இல் செய்தது என்று விற்பவர்கள் உண்டு. அது காப்புரிமை ஆண்டு, செய்த ஆண்டு அல்ல. 1965 முதல் 1969 வரையிலான விற்களில் வரிசை எண்ணின் முதல் இலக்கம் ஆண்டைக் காட்டும்: 7 என்று தொடங்கினால் 1967. தொழிற்சாலை மிச்சிகனின் கிரேலிங்கிலிருந்து புளோரிடாவின் கெய்ன்ஸ்வில்லுக்கு 1978இல் மாறியது. எந்த ஊர்ப் பெயர் இருக்கிறது என்பதும் ஒரு துப்பு. ஆண்டு விலையைக் கூட்டும், குறைக்கும். எய்வதற்கு ஆண்டு முக்கியமில்லை, லிம்பின் நிலைதான் முக்கியம்.

பார்சல் வந்ததும் நாண் ஏற்றிவிடக் கூடாது. லிம்பின் இரண்டு விளிம்புகளிலும் பஞ்சை மெதுவாக ஓட்டுங்கள். பஞ்சு நூல் எங்கே சிக்குகிறதோ அங்கே கண்ணாடி இழை கிளம்பியிருக்கிறது. பிறகு வெளிச்சத்துக்கு நேரே சாய்த்துப் பாருங்கள். நீளவாக்கில் மயிரிழைக் கோடுகள் இருந்தால் பெரும்பாலும் கவலையில்லை, பழைய ஃபைபர் கண்ணாடியில் வருவதுதான். குறுக்கே கோடு ஓடினால் அந்த வில்லைச் சுவரில் மாட்டிவையுங்கள், எய்யாதீர்கள். கைப்பிடியிலிருந்து லிம்ப் விரியத் தொடங்கும் இடத்தில், மரமும் கண்ணாடியும் ஒட்டும் கோட்டில், நகத்தால் தடவினால் படி தட்டக்கூடாது. தட்டினால் ஒட்டு விட ஆரம்பித்துவிட்டது என்று அர்த்தம்.

இந்த ஒட்டுக் கோடுதான் நம் ஊரில் உயிர்நிலை. மேப்பிள் பட்டைகளையும் ஃபைபர் கண்ணாடியையும் பிசின் சேர்த்துப் பிடித்திருக்கிறது. சூடு ஏறினால் பிசின் இளகும். சித்திரை வெயிலில் கண்ணாடி ஏற்றிய காருக்குள் 60 டிகிரி செல்சியஸைத் தாண்டும். மண்டபம் கடற்கரையில் காரை நிறுத்திவிட்டு டீ குடிக்கப் போகும் நேரத்தில், பின் சீட்டில் கறுப்புப் பையில் கிடக்கும் வில் முறுக்கிக்கொள்ளும். நாண் ஏற்றியபடி இருந்தால் சொல்லவே வேண்டாம். வெள்ளைப் பருத்தித் துணி உறை போதும். பிவிசி குழாய்க்குள் வெயிலில் வைத்தால் அதுவும் அடுப்புதான். வீட்டில் தகரக் கூரைக்கும் ஆஸ்பெஸ்டாஸுக்கும் கீழே வைக்காமல், உள்சுவரில் இரண்டு மர முளை அடித்துக் கிடையாகப் படுக்க வையுங்கள். மூலையில் நிறுத்தினால் கீழ் லிம்ப் கோணும். எய்து முடித்ததும் நாணை இறக்கிவிட வேண்டும். இதில் சோம்பலே கூடாது.

லிம்ப் முறுக்கியிருக்கிறதா என்று பார்க்க, நாண் ஏற்றிய வில்லை நுனியிலிருந்து நோக்குங்கள். நாண் லிம்பின் நடுவே ஓட வேண்டும். கொஞ்சம் விலகியிருந்தால் சரிசெய்யலாம்: வெந்நீரில் நனைத்த துணியைச் சுற்றி, கை பொறுக்கும் சூட்டுக்கு வந்ததும் எதிர்ப்பக்கமாக மெதுவாகத் திருகி, ஆறும் வரை பிடித்திருங்கள். ஒரே நாளில் திருந்தாது, நாள்விட்டு நாள் செய்ய வேண்டும். ஹீட் கன் பிடிக்கவே கூடாது. முறுக்கு வருவதற்கு வெயிலுக்கு அடுத்த காரணம், வில்லைக் காலுக்கு இடையே நுழைத்து நாண் ஏற்றும் பழக்கம். இரண்டு முனையிலும் உறை வைத்த கயிறு ஸ்டிரிங்கர் மலிவுதான், அதையே பயன்படுத்துங்கள்.

நாண் டாக்ரான் (பாலியஸ்டர் நூல்) மட்டும்தான். பி-50 என்று கேளுங்கள். 40 பவுண்டு வில்லுக்கு 12 இழை, 45 முதல் 55 வரை 14 இழை. ஃபாஸ்ட் ஃப்ளைட் போன்ற நீளாத நாண்களைப் பழைய வில் தாங்காது. அந்தக் காலத்து லிம்ப் நுனிகளுக்குப் பலப்படுத்தல் இல்லாததால், நாண் நிற்கும் பள்ளம் பிளந்துவிடும். 60 அங்குல வில்லுக்கு 56 அங்குல நாண். நாணுக்கும் கைப்பிடியின் ஆழமான இடத்துக்கும் உள்ள இடைவெளியை 8 அங்குலத்தில் தொடங்கி, நாணின் முறுக்கைக் கூட்டியும் குறைத்தும் ஏழரை முதல் எட்டரைக்குள் சத்தம் மிகக் குறையும் இடத்தில் நிறுத்துங்கள். நாக் புள்ளி, அதாவது அம்பின் வால் நாணில் மாட்டும் இடம், தட்டுக்குச் செங்குத்தாக அரை அங்குலம் மேலே. மூன்று விரலையும் அம்புக்குக் கீழே வைத்து இழுப்பவர்கள் இன்னும் கொஞ்சம் ஏற்ற வேண்டும்.

நாணுக்கு மெழுகு பூசுவதில் நம் கரைக்கென்று ஒரு பக்குவம் உண்டு. வெயிலில் மெழுகு இளகி, காற்றோடு வரும் பொடிமணல் அதில் ஒட்டும். ஒவ்வொரு இழுப்பிலும் மணல் இழையை அறுக்கும். ஆகவே மெல்லிசாகப் பூசி, தோல் துண்டால் சூடு பிறக்கும்வரை தேய்த்து, மிச்சத்தைத் துடைத்து எடுத்துவிட வேண்டும். சத்தம் அடக்கக் கட்டும் கம்பளிக் குஞ்சம் ஐப்பசி, கார்த்திகை மழையில் தண்ணீர் குடித்து நாணைக் கனமாக்கும். அந்த மாதங்களில் கழற்றிவிடலாம்.

வில்லின் உடம்புக்குப் பெரிய வேலை ஒன்றுமில்லை. கரையோரம் எய்த அன்று நல்ல தண்ணீரில் நனைத்துப் பிழிந்த துணியால் துடைத்து, உலர்ந்த துணியால் ஒற்றி, மாதம் ஒரு முறை கார் மெழுகு. கைப்பிடியில் வார்னிஷ் உரிந்திருந்தால் அங்கே வியர்வை இறங்கி மரம் கறுக்கும். அந்த இடத்தை மட்டும் தேய்த்துப் பாலியூரித்தேன் பூசிவிடுங்கள்.

இனி அம்பு. உண்மையான செலவும் உழைப்பும் இங்கேதான். பழைய வில்லுக்கு அம்பின் மொத்த எடை, வில்லின் ஒவ்வொரு பவுண்டுக்கும் 9, 10 கிரெய்ன் இருப்பது நல்லது. 45 பவுண்டுக்கு 450 கிரெய்ன், அதாவது சுமார் 29 கிராம். லேசான கார்பன் அம்பை மாட்டினால் மிச்ச விசை முழுவதும் லிம்பில் அதிர்ச்சியாக இறங்கும். அம்பே இல்லாமல் நாணை விடுவதற்கு அடுத்தபடி கெடுதல் அதுதான்.

மர அம்பு என்றால் போர்ட் ஆர்ஃபர்ட் சீடர், 11/32 அங்குலத் தண்டு. 45 பவுண்டு வில்லுக்கு 28 அங்குல நீளத்தில் 45 முதல் 50 ஸ்பைன் (தண்டின் விறைப்பு அளவு) பொருந்தும். ஸ்பைனை வீட்டிலேயே அளக்கலாம். 66 சென்டிமீட்டர் இடைவெளியில் இரண்டு ஆணி, அவற்றின் மேல் தண்டு, நடுவில் 907 கிராம் எடை. பலசரக்குக் கடைத் தராசில் நிறுத்த ஒரு தண்ணீர் பாட்டில் போதும். நடுப்பகுதி எத்தனை மில்லிமீட்டர் தாழ்கிறது என்று பார்த்து, 660ஐ அந்த எண்ணால் வகுங்கள். 13.2 மில்லிமீட்டர் தாழ்ந்தால் 50 ஸ்பைன். எய்து பார்க்கும்போது, வலக்கைக்காரருக்கு இறகு இல்லாத அம்பு இறகு வைத்ததற்கு வலப்பக்கம் விழுந்தால் தண்டு வலுக்குறைவு, இடப்பக்கம் விழுந்தால் விறைப்பு அதிகம். மழைக்காலத்தில் நேற்று நேராகப் போன மர அம்பு இன்று கோணலாகப் போகும். காரணம், தண்டின் வெட்டுமுனை வழியே ஈரம் ஏறுவது. நாக் (நாணில் மாட்டும் பிளவுத் துண்டு) ஒட்டுவதற்கு முன்பே அந்த முனைக்கும் சேர்த்து இரண்டு கோட் பாலியூரித்தேன் கொடுத்தால் பாதிப் பிரச்சினை தீரும்.

முனைகளை ஹாட் மெல்ட் பசையால் ஒட்டினால், தூணி வெயிலில் கிடந்தாலே இளகி, அம்பை உருவும்போது முனை இலக்குக்குள் தங்கிவிடும். அரால்டைட் பிடித்துக்கொள்ளும், ஆனால் பிறகு முனையைக் கழற்ற வேண்டுமானால் சூடு காட்ட வேண்டும், மரம் கருகும். இருந்தாலும் இந்தக் கரைக்கு அரால்டைட்தான் சரி. இரும்பு முனை ஒரே இரவில் துருப்பிடிக்கும். தையல் மெஷின் எண்ணெய் நனைத்த துணியால் துடைத்து வையுங்கள்.

தட்டிலிருந்து எய்வதால் பிளாஸ்டிக் சிறகு ஆகாது. இறகுதான் மடங்கி வழிவிடும். ஈரத்தில் படுத்துப்போன வான்கோழி இறகைக் கொதிக்கும் பாத்திரத்தின் ஆவியில் சில நொடி சுழற்றிக் காட்டினால் நிமிர்ந்துவிடும். பூச்சி அரிப்பதுதான் பெரிய தொல்லை. டப்பாவுக்குள் அந்துருண்டை போடாமல் இறகை வைக்காதீர்கள்.

எய்யும் இடத்துக்கு வருவோம். கடற்கரை வேண்டாம், வலை காயப்போடுபவர், ஆடு மேய்ப்பவர், பிள்ளைகள் என்று யாராவது வந்துகொண்டே இருப்பார்கள். வேலி போட்ட தோப்பில், பின்னால் மண் வரப்பு உள்ள இடமே சரி. தளர்ந்த மணலில் குறி தவறிய அம்பு அடியில் ஊர்ந்து மறைந்துவிடும். சுருள் கம்பிக் கொக்கி உள்ள ஜூடோ முனை போட்டால் மேலேயே நிற்கும். சீமைக்கருவேல முண்டில் எய்யாதீர்கள், முனை இறுகித் தண்டு கழுத்தில் ஒடியும். அதன் முள் இறகையும் கிழிக்கும். பனையும் தென்னையும் ஒருவரின் பிழைப்பு, அவற்றில் அம்பு படக்கூடாது. இலக்குக்குச் செலவில்லாத வழி, கழித்துப் போட்ட நைலான் மீன்வலை. கிழிந்த வலையைச் சாக்கில் இறுக்கி அடைத்துத் தைத்தால் 45 பவுண்டு அம்பைச் சுலபமாக நிறுத்தும், மழையிலும் மக்காது. வைக்கோல் கட்டு ஒரு மழைக்காலத்தைத் தாண்டாது.

ஆனி, ஆடியில் பாம்பன் பக்கம் கச்சான் காற்று அடிக்கும்போது பெரிய இறகு வைத்த அம்பு பக்கவாட்டில் இழுபடும். 20 மீட்டருக்கு மேல் பயிற்சி செய்வதில் அர்த்தமில்லை. 12, 15 மீட்டரில் விடிகாலையில் முடித்துக்கொள்ளலாம். பத்து மணிக்கு மேல் லிம்பைத் தொட்டுப் பாருங்கள். கைக்குச் சுட்டால் அன்றைக்கு நாணை இறக்கிவிட வேண்டியதுதான்.

வேகம் எதிர்பார்ப்பவர்களுக்கு இந்த வில் ஏமாற்றம் தரும். 45 பவுண்டு வில்லில் கனமான அம்பு விநாடிக்கு 160 அடி அளவில்தான் போகும். கப்பி வைத்த புதிய காம்பவுண்ட் விற்கள் 300ஐத் தொடுகின்றன. கழற்றி மாட்டும் புதிய ரிகர்வ் வில்லில் லிம்ப் போனால் வேறு லிம்ப் மாட்டிக்கொள்ளலாம், இதில் முடியாது. ஒரே துண்டு, போனால் போனதுதான். முதன்முதலாக வில் பிடிப்பவர் 25, 30 பவுண்டு கழற்றும் வில்லில் பழகிவிட்டு இதற்கு வரட்டும். வந்தால், நல்ல லிம்ப் உள்ள 40 பவுண்டு வில்லோடு டாக்ரான் நாண் இரண்டு (ஒன்று கையிருப்பு), ஸ்டிரிங்கர் ஒன்று, ஒரே ஸ்பைனில் அளந்த அம்பு ஒரு டஜன் சேர்த்து வாங்குங்கள். நாணின் நடுச்சுற்று நூல் பிரியத் தொடங்கியதும் கையிருப்பை மாட்டிவிட்டுப் பழையதைப் புதிதாகச் சுற்றி வையுங்கள்.