ஆயில் சீல் மாற்றியும் நிற்காத ஒழுகலா? ஸ்பீடி-ஸ்லீவ் போட்டுப் பார்த்த அனுபவம்

நேராக விஷயத்துக்கு வருகிறேன். எஸ்.கே.எஃப். ஸ்பீடி-ஸ்லீவ், அதாவது தேய்ந்த ஷாஃப்டின் மேல் ஏற்றும் மெல்லிய உலோக வளையம், நல்ல சரக்கு. ஆனால் டிராக்டரில் ஆயில் ஒழுகுகிறது என்றதும் ஓடிப்போய் வாங்க வேண்டிய பொருள் இல்லை. எந்த ஒழுகலுக்கு இது மருந்து என்று தெரிந்து வாங்கினால் காசு வீணாகாது.

என் வண்டியில் தகராறு பின்பக்கம், பி.டி.ஓ. ஷாஃப்ட் (ரோட்டவேட்டர் போன்ற கருவிகளைச் சுழற்றும் தண்டு) வெளியே வரும் இடத்தில். ரோட்டவேட்டர் மாட்டி ஓட்டினால் போதும், ஹவுசிங் முழுக்க ஆயில் வழிந்து, அதன்மேல் புழுதி அப்பி, கறுப்புக் களிம்பாகத் தொங்கும். என்னுடையதைப் போன்ற பல பழைய டிராக்டர்களில் கியருக்கும் ஹைட்ராலிக்குக்கும் ஒரே ஆயில்தான். அதனால் இங்கே ஒழுகினால் கடைசியில் லிஃப்டும் மக்கர் பண்ணும். ஷாஃப்டைச் சுற்றி ஆயிலைத் தடுக்கும் ரப்பர் வளையம்தான் ஆயில் சீல். அதைப் புதிதாகப் போட்டால் கொஞ்ச நாள் காய்ந்திருக்கும், பிறகு பழைய குருடி கதவைத் திறடி. மெக்கானிக் 'சீல் மட்டம்' என்றார். வேறு கம்பெனி சீல் போட்டும் அதே கதைதான்.

ஷாஃப்டை வெளியே எடுத்துத் துடைத்துப் பார்த்தபோதுதான் குட்டு வெளிப்பட்டது. சீலின் உதடு, அதாவது ஷாஃப்டைத் தொடும் உள் ஓரம், உரசும் இடத்தில் மினுமினுவென்று ஒரு வளையம். கட்டைவிரல் நகத்தை நீளவாக்கில் ஓட்டினேன், அந்த இடத்தில் நகம் இடறி நின்றது. பள்ளம். புதுச் சீலின் உதடு அந்தப் பள்ளத்தின் அடியைச் சரியாகத் தொடாது, ஓரத்திலும் வெட்டுப்படும். அப்புறம் எந்தக் கம்பெனி சீல் போட்டு என்ன?

ரப்பர் எப்படி எஃகைத் தேய்க்கும் என்று கேட்கலாம். எறும்பு ஊரக் கல்லும் தேயும் என்கிற கதைதான், ஆனால் தேய்ப்பது ரப்பர் இல்லை, அதில் பதிந்துபோன மண். பி.டி.ஓ. நிமிடத்துக்கு 540 சுற்று. உதடு உரசும் இடம் 35 மி.மீ. விட்டம் என்று வைத்துக்கொண்டால், ஒரு மணி நேர ஓட்டத்தில் சுமார் மூன்றரை கிலோமீட்டர் நீளத்துக்கு அந்த ஒற்றைக் கோட்டில் உரசல் நடக்கிறது. பல வருஷம் இப்படி ஓடினால் எஃகும்தான் என்ன செய்யும்!

இதற்குச் செலவே இல்லாத வழி ஒன்று உண்டு. ஹவுசிங்கில் இடம் இருந்தால் சீலை ஒன்றிரண்டு மி.மீ. முன்னேயோ பின்னேயோ தள்ளி உட்காரவைத்தால் உதடு தேயாத இடத்தில் ஓடும். என் வண்டியில் சீலுக்குப் பின்னால் படி இருக்கிறது, தள்ள இடமில்லை. லேத்தில் கொடுத்து வெல்டிங் ஏற்றிக் கடைந்து வாங்கலாம், ஆனால் சூட்டில் ஷாஃப்ட் கோணிக்கொண்டால் அது தனித் தலைவலி. அதனால்தான் ஸ்லீவ் பக்கம் போனேன்.

பொருள் என்னவென்றால், மெல்லிய ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் வளையம். கனம் 0.28 மி.மீ.தான். பள்ளத்தின் மேல் இறுக்கமாக ஏறி உட்கார்ந்து, சீலுக்குப் புதுப் பரப்பு தருகிறது. இவ்வளவு மெல்லிசாக இருப்பதால் பழைய அளவு சீலையே போடலாம். எனக்கு மிகவும் பிடித்தது இதுதான். அடித்து ஏற்றுவதற்கான கிண்ணம் போன்ற டூலும் கூடவே வருகிறது.

அளவு எடுப்பதில்தான் கவனம் வேண்டும். வெர்னியர் போதாது, மைக்ரோமீட்டர் வேண்டும். தேயாத இடத்தில் மூன்று கோணத்தில் அளந்து சராசரி எடுத்து, அதற்குரிய நம்பர் ஸ்லீவைப் பார்த்து வாங்க வேண்டும். ஷாஃப்டின் விளிம்பில் பிசிறு இருந்தால் உப்புத்தாளால் தேய்த்துவிடுங்கள். பள்ளம் ஆழமாக இருந்தால் உலோகத்தூள் கலந்த எபாக்ஸியை நிரப்பி, அது இறுகுவதற்குள் ஸ்லீவை ஏற்றிவிட வேண்டும். காய்ந்தபிறகு ஏற்றினால் மேடு தட்டி ஸ்லீவ் நசுங்கும். எங்கே வந்து நிற்க வேண்டும் என்பதை முன்கூட்டியே அளந்து ஷாஃப்டில் மார்க்கரால் கோடு போட்டுக்கொண்டேன்.

ஸ்லீவின் ஒரு முனையில் வெளிப்புறம் மடிந்த விளிம்பு இருக்கும், அந்தப் பக்கம் முதலில் போக வேண்டும். மேலே கிண்ணத்தைக் கவிழ்த்து, நடுவில் மெதுவாகத் தட்டத் தட்ட, கோடு வரை நேராக இறங்கியது. ஒரு பக்கமாகச் சாய்ந்தால் முடிந்தது கதை, நசுங்கின ஸ்லீவைத் தூக்கித்தான் போட வேண்டும். ஏறியபின் கடைவதோ தேய்ப்பதோ கூடாது. அந்த மடிந்த விளிம்பு பக்கத்தில் உள்ள பாகத்தில் இடிக்குமென்று தெரிந்தால், ஏற்றுவதற்கு முன்பே அதில் ஒரு வெட்டுக் கொடுத்து வைத்து, ஏற்றியபின் பிளையரால் முறுக்கி உரிக்கலாம். உரித்த தகடு பிளேடு மாதிரி, கையுறை இல்லாமல் தொடாதீர்கள்.

சீலை மாட்டும்போது ஷாஃப்டின் ஸ்ப்ளைன் (நீளவாக்கில் வெட்டிய) பற்களின் மேல் டேப் சுற்றிக்கொண்டேன், உதடு கிழியாமல் இருக்க. சீலில் சுருள் கம்பி உள்ள பக்கம் ஆயிலைப் பார்க்க வேண்டும். அதற்கப்புறம் பலமுறை ரோட்டவேட்டர் ஓட்டியாகிவிட்டது. ஹவுசிங்கில் புழுதி இருக்கிறது, காய்ந்த புழுதி.

வாங்குவதற்கு முன் சிலதைப் பார்த்துவிடுங்கள். முதலில் பிரீதர், அதாவது ஹவுசிங்கின் உள்காற்று வெளியேறும் சிறு துளை. அது மண்ணால் அடைத்திருந்தால் சூட்டில் உள்ளே காற்றழுத்தம் ஏறி, நல்ல சீல் வழியாகக்கூட ஆயிலைத் தள்ளும். ஆயில் அளவுக்கு மேல் ஊற்றியிருந்தாலும் கசியும். ஷாஃப்டைப் பிடித்து மேலும் கீழும் ஆட்டிப் பாருங்கள். ஆட்டம் இருந்தால் குற்றவாளி பேரிங், ஸ்லீவ் போட்டும் பயனில்லை. கிளட்ச் ஹவுசிங் அடியில் சொட்டினால் நிறத்தைப் பாருங்கள்: கறுத்திருந்தால் பெரும்பாலும் இன்ஜின் ஆயில், அதாவது கிராங்க் ஷாஃப்டின் பின்பக்கச் சீல். கொஞ்சம் தெளிவாக, கந்தக வாடையோடு இருந்தால் கியர்பாக்ஸ் பக்கம். ஹைட்ராலிக் ஹோஸ் கசிவைக் கையால் தடவித் தேடவே கூடாது. ஊசிமுனை ஓட்டையிலிருந்து பீய்ச்சும் ஆயில் தோலைத் துளைத்து உள்ளே போய்விடும். அட்டைத் துண்டை நீட்டிப் பாருங்கள்.

ஒழுகலை நிறுத்தும் என்று டப்பாவில் விற்கும் திரவங்களையும் சிலர் சொன்னார்கள். கெட்டிப்பட்ட ரப்பரை அவை கொஞ்சம் இளக்கி உப்பவைக்கலாம், எஃகில் விழுந்த பள்ளத்தை நிரப்பாது. ஹைட்ராலிக்கோடு பொதுவான ஆயிலில் அதை ஊற்ற எனக்கு மனசு வரவில்லை.

என் மார்க் ஐந்துக்கு நான்கு. ஒன்றைக் குறைத்தது, கை பிசகினால் மறுவாய்ப்பே இல்லை என்பதற்காக. முடிந்தால் மைக்ரோமீட்டர் வைத்திருக்கும் யாரையாவது அளக்கச் சொல்லிவிட்டு ஆர்டர் போடுங்கள்.